எறையூர் மாமாவும் என் நீச்சல் பூச்சிகளும்

1

இந்த ஊரில் ஒரு வழக்கம். நமக்கு விசேஷம் என்றால் நாம்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிறந்தநாளா, நீயே வாங்கிக்கொண்டு வா. பதவி உயர்வா, நீயே சுட்டுக்கொண்டு வா. நம் பக்கம் மாதிரி நாலு பேர் கூடி, மாலை போட்டு, போட்டோ எடுத்து, கடைசியில் நம் முகத்திலேயே கேக்கைப் பூசுகிற சுகமெல்லாம் கிடையாது. ஜெர்மனிக்கு வந்து இந்த ஆய்வகத்தில் சேர்ந்து பத்து வருஷம் முடிந்த அன்று, நான் ரவா கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு போனேன். நெய், முந்திரி எல்லாம் தாராளம். எங்கள் தலைவி அனெட் ஒரு கரண்டி வாயில் போட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது சாப்பாடா, இனிப்பா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். எப்படியோ தட்டு காலியாகிவிட்டது.

பத்து வருஷத்தில் என்ன சாதித்தாய் என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்: எங்கள் ஆய்வகத்தில் ஸ்விட்சைப் போடும்போது எல்லாரும் "சரிங்க" என்கிறார்கள். போன் பேசி முடிக்கும்போதும் கூட்டம் முடியும்போதும் என் வாயில் தானாக வந்துவிடும் சொல் அது. கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. எங்களோடு வேலை பார்க்கும் போலந்துக்காரர் சொன்னால் மட்டும் சண்டைக்குக் கூப்பிடுவது போல இருக்கும்.

அப்படி "சரிங்க" சொல்லி நாங்கள் முடுக்கிவிடுவது கண்ணுக்குத் தெரியாத சில திருகாணிகளை. மூக்குத்தித் திருகாணியைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தூசியாகிற அளவுக்குச் சின்னதாக்கி, மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஒரு பசையால் செய்து, மேலே காந்தப் பூச்சுப் பூசினால் அதுதான் நுண்ரோபோ. மோட்டார், பேட்டரி எதுவும் கிடையாது. சுற்றிலும் செம்புக் கம்பிக் காயில்களை வைத்து மின்சாரம் விட்டால் காந்தப்புலம் சுழலும், அதோடு திருகாணியும் சுழன்று தண்ணீரைத் துளைத்துக்கொண்டு நீந்தும். உடம்புக்குள் கட்டி இருக்கும் இடத்தில் சதையின் புளிப்பு மாறுமாம். அதை இந்தப் பசை உணர்ந்து உப்பி, மருந்தை அங்கேயே இறக்கும். ஊரெல்லாம் மருந்தைத் தெளிக்காமல் வியாதி இருக்கிற வீட்டுக் கதவை மட்டும் தட்டுவது. யோசனை இவ்வளவுதான். செய்யத்தான் உயிர் போகிறது.

திருகாணி செய்வது வேறு ஆட்கள். என் வேலை காயில்.

2

நான் பிறந்தது தா.பழூர். நெல் ஊர். அம்மா பிறந்தது எறையூர், கரும்பு ஊர். பள்ளிக்கூட லீவு விட்டால் ஜெயங்கொண்டம், அரியலூர், பெரம்பலூர் என்று பஸ் மாறி மாறி, எறையூரில் இறங்கும்போது தலைமுடியெல்லாம் சிமெண்ட் லாரிப் புழுதியாக இருக்கும். அங்கே என் தாய்மாமா தங்கராசு. அம்மாவின் ஒரே தம்பி. அவருக்கும் அஞ்சலை அத்தைக்கும் பிள்ளை இல்லை. அதனால் நான் போய் இறங்கினால் அந்த வீட்டில் நான்தான் கலெக்டர்.

மாமாவின் கொல்லையில் (அந்தப் பக்கம் கரும்பு வயலைக் கொல்லை என்பார்கள்) போர் மோட்டார் அடிக்கடி புகையும். கரண்ட் குறைவாக வந்தால் காயில் எரிந்துவிடும். உடனே அதைக் கழற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டு, என்னையும் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு பெரம்பலூர் காயில் கடைக்குக் கிளம்பிவிடுவார். எரிந்த வார்னிஷ் நாற்றம் எனக்கு அப்படிப் பிடிக்கும். கருகிய கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவார்கள். மதியம் வரை அசையாமல் நிற்பேன். "எம் மருமவ எஞ்சினீருக்குப் படிக்கப்போவுது" என்று மாமா கடைக்காரரிடம் சொல்வார். அப்போது எனக்கு வகுத்தல் கணக்கே தகராறு.

அவர் சொன்னது நடந்துவிட்டது. பெரம்பலூரில்தான் எஞ்சினியரிங் படித்தேன், மாமா வீட்டில் தங்கி. பிறகு சென்னை, பிறகு இந்த ஊர். இங்கே நான் சுற்றுகிற காயிலுக்கு ஒரு நீளமான ஜெர்மன் பெயர் உண்டு. ஊரில் யாராவது கேட்டால் அத்தை சுருக்கமாகச் சொல்லிவிடுவார்: "அவ அங்க காயில் கட்டுறா." எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

3

கேசரி தின்ற வாரமே எங்கள் ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் என்னைப் பற்றி நாலு வரி போட்டார்கள். பத்து வருஷச் சேவை, காந்தக் காயில் பிரிவு, இந்தியாவிலிருந்து வந்தவர். அவ்வளவுதான். அது எப்படி ஊர் போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. நாலாம் நாள் என் போனில் ஒரு தமிழ்ச் செய்தித்தாளின் படம் வந்து விழுந்தது. "ரத்தத்தில் நீந்தும் ரோபோ! அரியலூர் மாவட்டப் பெண் கண்டுபிடிப்பு." கீழே என் போட்டோ. அதற்கும் கீழே, எலிகளின் சிறுநீர்ப் பையில் இருந்த கட்டியை இந்த ரோபோக்கள் கரைத்துவிட்டன, விரைவில் மருத்துவமனைகளுக்கு வரும் என்று முடித்திருந்தார்கள். எலிகளை வைத்துச் செய்தவர்கள் வேறு ஊரில் வேறு குழு. கண்டுபிடித்தது நான் இல்லை. போட்டோ மட்டும் சத்தியமாக என்னுடையதுதான்.

போன் வர ஆரம்பித்தது. கூடப் படித்தவன் ஒருத்தன், படித்தது பெரம்பலூரில், அப்புறம் எப்படி அரியலூர் பெண் என்று போடலாம் என்று என்னிடமே கோபித்துக்கொண்டான். பழைய பக்கத்து வீட்டுக்காரர் ரோபோவைப் பூச்சியாக்கி, சர்க்கரைக்கு அந்தப் பூச்சி கேட்குமா என்றார். ஒரு சித்தப்பா வழுக்கைக்குக் கேட்டார். "ராத்திரில சார்ஜ் போடணுமாம்மா?" என்று தா.பழூரிலிருந்து ஒரு குரல். சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்றுவலி. இதற்கும் உன் பூச்சியை விடு என்றார் என் கணவர்.

அஞ்சலை அத்தையும் கூப்பிட்டார். வாழ்த்துச் சொல்லத்தான் என்று நினைத்து எடுத்தேன்.

"செல்வி, ஒண்ணு சொல்லணும். ஒங்க மாமா கொல்லைக்குப் போயிருக்காரு, அதுக்குள்ள சொல்லிடறேன்."

"சொல்லுங்க அத்தை."

"அவருக்கு ஒண்ணுக்குல ரத்தமா வந்துச்சும்மா. மறச்சு மறச்சு வெச்சிருந்தாரு, நாந்தான் கண்டுபுடிச்சேன். பெரம்பலூர் டாக்டரு திருச்சிக்கு எழுதிக் குடுத்தாரு. அங்க ஸ்கேன் எடுத்துட்டு, மூத்திரப் பையில சின்னதா ஒரு கட்டி இருக்குன்னுட்டாங்க. இப்பவே கொழா உட்டுச் சொரண்டி எடுத்துட்டா நல்லதாம். உட்டுட்டா வேர் எறங்கிடுமாம். ஆஸ்பத்திரில நாளும் குடுத்தாச்சு. இந்த மனுசன் போவ மாட்டேங்கறாரு."

"ஏன் அத்தை?"

"ஏனா? பேப்பர்ல போட்டிருக்கான்ல! எம் மருமவ பூச்சி வருது, அது வந்து பாத்துக்கும், எனக்கு எவன் கத்தியும் வேணாம்ங்கறாரு. அந்தப் பேப்பர லேமினேஷன் பண்ணி சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்காரு."

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4

ஒன்று சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பை என்ற சொல்லை நான் ஜெர்மன் மொழியில் வாரத்துக்கு நூறு தடவை சொல்கிறேன். மேடை ஏறி, மைக் பிடித்து, படம் போட்டுக் காட்டிக் கூசாமல் சொல்கிறேன். அதே விஷயத்தைத் தமிழில், தாய்மாமாவிடம், போனில் பேச வேண்டும் என்றதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சமையலறையில் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன்.

"மாமா, திருச்சிக்கு எப்ப போறீங்க?"

"திருச்சிக்கு எதுக்கு? ஓ, ஒங்க அத்த ஓதிட்டாளா?"

"மாமா, டாக்டர் சொன்னா உடனே போயிடணும்."

"நான் முடிவு பண்ணிட்டேன் பாப்பா. எம் பேர மொதல்ல பதிஞ்சு வையி. எப்ப கட்டிங் ஆர்டர் போடறியோ, அப்ப வந்து படுத்துக்கறேன்."

கரும்பு ஊர்க்காரர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கரும்பை நட்டதும் சர்க்கரை ஆலையில் பதிவு பண்ண வேண்டும். யார் கொல்லை, என்ன ரகம், என்றைக்கு நட்டது எல்லாம் எழுதிக்கொள்வார்கள். முற்றி முறை வரும்போது வெட்டச் சொல்லி உத்தரவு வரும். அதுதான் கட்டிங் ஆர்டர். பதிந்த கரும்பை அதற்கு முன்னால் வேறு எவனுக்கும் தள்ளக்கூடாது. ஒரு வருஷம் மழை விடாமல் அடித்து, கொல்லைக்குள் வண்டி இறங்க முடியாமல் வெட்டுத் தள்ளிப்போனது. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் வெல்லம் காய்ச்சுகிறவர்களிடம் கரும்பைத் தள்ளிவிட்டார்கள். மாமா தள்ளவில்லை. "பதிஞ்சாச்சு, பதிஞ்சதுதான்" என்று உட்கார்ந்திருந்தார். கரும்பு பூத்து, காய்ந்து, எடை போனது. அந்த வருஷம் முழுக்க அத்தை அவரைத் திட்டினார். ஊர் மட்டும் அவரை வாக்கு மாறாத ஆள் என்றது. மனுஷனுக்கு அதுதான் பெருமை.

இப்போது அந்த மனுஷன் தன் உடம்பை என்னிடம் பதிந்துவிட்டார். இனித் திருச்சி டாக்டரிடம் போவது அவர் கணக்கில் துரோகம்.

"மாமா, அது எலிக்குக் குடுத்துப் பாத்தது. அதுவும் நாங்க இல்ல, வேற ஊர்ல வேற ஆளுங்க. நாங்க இன்னும் கண்ணாடித் தட்டத் தாண்டல."

"எலிக்குக் குடுக்கறத எனக்குக் குடுக்க மாட்டியா? ஒனக்குக் காது குத்தறப்ப மடியில வெச்சுக்கிட்டது எலியா, நானா?"

நேரில் போய் இழுத்துக்கொண்டு போகலாம் என்றால் என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. போட்டோவில் நான் லேசாகச் சிரித்துவிட்டேன், சிரிக்கக்கூடாதாம், திரும்பி வந்துவிட்டது. சிரிக்காத போட்டோ இப்போதுதான் போயிருக்கிறது. அது வந்த பிறகு இங்கே குடியிருப்பு அட்டையை மாற்ற வேண்டும், அதற்கு வெளிநாட்டவர் ஆபீஸில் நேரம் வாங்க வேண்டும், இணையத்தில் காலி நேரமே காட்டவில்லை. இதையெல்லாம் மாமாவிடம் புலம்பினேன். அது இன்னும் வினையாகப் போயிற்று.

"ஒனக்கே கட்டிங் ஆர்டர் வரலியா? காத்துக்கிட்டுத்தான இருக்க? அப்பறம் என்னய ஏன் வெரட்டற?"

5

என் மகள் யாழினிக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் புரியும். பேசினால் வினைச்சொல்லை எங்கேயாவது தொலைத்துவிட்டு வருவாள். "தாத்தா ஏன் ஹாஸ்பிட்டல் மாட்டேங்கிறார்?" என்பாள். 'போக' என்பதை நாம் போட்டுக்கொள்ள வேண்டும். அவள் எங்களிடமிருந்து எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று சில நாள் எனக்குக் கவலை வரும். சில நாள் எங்களைவிட நேர் வழியில் போகிறாளோ என்றும் தோன்றும். அன்று சாப்பிடும்போது கேட்டாள்.

"அம்மா, உன் ரோபோ தாத்தாவுக்கு உதவுமா?"

"இப்போதைக்கு உதவாதுடி."

"அப்போ நைன் சொல்லு."

நைன் என்றால் ஜெர்மனில் 'இல்லை' என்று அர்த்தம். இந்த ஊரின் முக்கியமான சொல். கடைக்காரர் சொல்வார், டாக்டர் சொல்வார், மழலைப் பள்ளிக் குழந்தை சொல்லும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பத்து வருஷத்தில் நானும் பழகிவிட்டேன். அனெட்டிடம் சொல்லியிருக்கிறேன், வீட்டு ஓனரிடம் சொல்லியிருக்கிறேன், போலீஸ்காரரிடம்கூட ஒரு தடவை.

"தாத்தாகிட்ட அப்டியெல்லாம் சொல்ல முடியாது" என்றேன்.

"ஏன்?"

ஏன் என்று உட்கார்ந்து யோசித்தேன். மாமாவிடம் நான் அதுவரை சொன்னதெல்லாம், அது வேற ஊரு மாமா, எலி மாமா, கொஞ்ச நாளாகும் மாமா. எங்கள் பூச்சி உங்களுக்கு ஆகாது என்று ஒரு தடவைகூட நேராகச் சொல்லவில்லை. சொன்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிற பேப்பர் என்ன ஆகும்? அந்த மனுஷன் முகம் என்ன ஆகும்? பயம் எனக்குத்தான். இதற்கிடையில் ஆஸ்பத்திரி கொடுத்த நாளும் போய்விட்டது. அத்தை கெஞ்சி இன்னொரு நாள் வாங்கினார், அதுவும் அடுத்த வாரம். இதையும் விட்டால் கட்டி சும்மா இருக்குமா?

6

வாயால் சொன்னால் கேட்க மாட்டார், கண்ணால் காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். எங்கள் பூச்சிகள் ஒழுங்காக நீந்துவது அபூர்வம். பாதி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். காந்தம் பூசினது ஆயிற்றே, சும்மா இருக்குமா? மீதி சுவரோரம் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தக் கண்றாவியை மாமாவுக்கு வீடியோவில் நேராகக் காட்டிவிட்டால் அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பிவிடுவார். அனெட்டிடம் அனுமதி கேட்டேன். "வெற்றியைக் காட்டுவதென்றால் என்னிடம் கேட்க வேண்டும். தோல்வியைத் தாராளமாகக் காட்டு. அதை யாரும் திருட மாட்டார்கள்" என்றார்.

இங்கே மதியம், அங்கே சாயங்காலம். மாமா சவரம் பண்ணி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் அத்தை. நான் போனை நுண்ணோக்கித் திரை முன்னால் நிறுத்தினேன்.

"எங்க, உடு பாப்போம்" என்றார் மாமா.

போலந்துக்காரர் "சரிங்க" என்று ஸ்விட்சைப் போட்டார். அன்றைக்குப் பார்த்து, அத்தனை பூச்சியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை கட்டி நீந்தின. ஒன்றுகூட ஒட்டவில்லை. வளைவில் திரும்பின. கட்டி என்று நாங்கள் வைத்திருந்த பசைத் துண்டை நேராகப் போய் மொய்த்து, உப்பி, மருந்துக்குப் பதிலாக வைத்த சாயத்தை இறக்கின. துண்டு நீலமாயிற்று. பத்து வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. ஆய்வகமே கை தட்டியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"போவுது! ஏ அஞ்சல, போவுது பாரு! எம் மருமவளா கொக்கா!" மாமா எழுந்தே நின்றுவிட்டார். "இத வெச்சுக்கிட்டா இல்லன்ன?"

"மாமா, உக்காருங்க. இங்க பாருங்க." போனைத் திரையிலிருந்து திருப்பிக் காயில் பக்கம் காட்டினேன். என் கையால் சுற்றிய காயில்கள், நடுவில் ஒரு சின்னப் பொந்து. "இந்த நடு எடத்துல என்ன வைக்கலாம் சொல்லுங்க."

"ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம்."

"அவ்ளோதான் மாமா. இதுக்குள்ள இருந்தாத்தான் பூச்சி நாங்க சொன்னபடி கேக்கும். நீங்க எப்டி இதுக்குள்ள நுழைவீங்க?"

"பெருசாக் கட்டு. நீதான காயில் கட்டறவ?"

"கட்டணும். ஒரு ஆள் படுக்கற மாதிரி கட்டணும். அப்டிக் கட்டினா சூடு தாங்காது, அதுக்கு வழி பாக்கணும். ஒடம்புக்குள்ள பூச்சி எங்க இருக்குன்னு தெரியணும், அதுக்கும் வழி பாக்கணும். வேல முடிஞ்சதும் அத வெளிய எடுக்கணும். அப்பறம் அனுமதி. வருசக்கணக்கா ஆகும் மாமா."

"ஆவட்டும். நான் இருக்கேன்."

அந்த "நான் இருக்கேன்" என்னவோ செய்துவிட்டது. என்னையறியாமல் கத்தினேன்.

"எங்க மாமா இருப்பீங்க? நல்லாக் கேளுங்க. கரும்பு வெட்டியாச்சு. ரோட்டோரமாக் கெடந்து காயுது. எங்க ஆலை இன்னும் கட்டவே இல்ல. செங்கல்லே எறக்கல. கட்டாத ஆலைக்கு நான் எப்டி ஆர்டர் போடுவேன்? எங்கிட்ட ஒண்ணும் இல்ல மாமா. உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. திருச்சில இருக்கு. அங்க போங்க."

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். ஆய்வகத்தில் கை தட்டியவர்கள் அப்படியே நின்றார்கள். அனெட் எல்லாரையும் ஜாடை காட்டி வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். போனில் மாமாவின் முகம் இல்லை, மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு அவர் குரல் வந்தது, ரொம்ப மெதுவாக.

"அதுக்கில்ல பாப்பா. அந்தக் கொழா."

"என்ன கொழா?"

"அந்த எடத்துல கொழாய உடுவாங்களாம்ல. நர்சுப் புள்ளைங்கல்லாம் சுத்தி நிக்குமாம். என் வயசுக்கு அந்தக் கோலம் வேணுமா? ஒன் பூச்சின்னா மாத்திர மாதிரி முழுங்கிட்டு, ஒரு சொம்புத் தண்ணியக் குடிச்சுட்டு, கட்டுன வேட்டியோட வூட்டுக்கு வந்துடலாம்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"மாமா, முழுங்கறதுன்னு யாரு சொன்னா?"

"பின்ன?"

"முழுங்கினா அது வயித்தோட போயிடும். மூத்திரப் பைக்குப் போவணும்னா அதே வழியாத்தான் உள்ள விடணும்."

"அதே வழின்னா?"

"அதே கொழாதான் மாமா."

மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

"எலிக்குமா?"

"எலிக்கும் கொழாதான்."

பின்னால் அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது சத்தத்திலேயே தெரிந்தது. "இதுக்கா இத்தன நாளு என்னயப் படுத்துன?" என்று அவர் மாமாவை ஏசுவதும் கேட்டது. மாமா, "சரி, வையி" என்று போனை வைத்துவிட்டார்.

7

மறுநாள் நான் பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது அத்தை கூப்பிட்டார். "காலையிலயே பைய எடுத்துக்கிட்டு ரோட்டுல போயி நின்னுட்டாரும்மா. என்னயக்கூடக் கூப்புடல, நான் ஓடிப்போயி ஏறுனேன். திருச்சிக்கு வந்துட்டோம். நாளுக்கு முன்னாடியே வந்துட்டீங்களேன்னு டாக்டரு கேக்கறாரு. சேத்துக்கங்க, மனசு மாறிடுவேன்னு இவரு சொல்றாரு." பஸ்ஸில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்தேன். இந்த ஊரில் பஸ்ஸில் சத்தமாகப் பேசினாலே பார்ப்பார்கள்.

ஆபரேஷன் அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அனெட் ஒன்றும் கேட்காமல் என் மேசையில் காப்பி வைத்துவிட்டுப் போனார். வீட்டில் யாழினி தாத்தாவுக்குக் குரல் பதிவு அனுப்ப வேண்டும் என்று வந்து நின்றாள். "தாத்தா, நீங்க பயம் இல்லாமல், நான் உங்களை பிடிக்கும்" என்று பேசினாள். திருத்தப் போய், வேண்டாம் என்று அப்படியே அனுப்பினேன். மாமா அதை வார்டு முழுக்கப் போட்டுக் காட்டினாராம்.

சாயங்காலம் அத்தையின் போன். நல்லபடியாகச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அது வந்தால்தான் வேர் இறங்கியிருக்கிறதா என்று தெரியும். ஆனால் அத்தை சொல்ல வந்தது அது இல்லை.

"மயக்கம் தெளிஞ்சதும் இவரு டாக்டர்கிட்ட சண்டம்மா. எடுத்ததுல பாதிய பாட்டில்ல போட்டுக் குடுங்க, எம் மருமவளுக்கு ஜெர்மனிக்கு அனுப்பணும், அவ அங்க எலிக்கட்டிய வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படறான்னு. டாக்டரு சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. இவரு இன்னும் நர்சுகிட்ட கேட்டுக்கிட்டே இருக்காரு."

"எந்த நர்ஸ்கிட்ட அத்தை? அவங்களப் பாத்துத்தான வெக்கப்பட்டாரு?"

"இப்ப அதுங்கல்லாம் இவருக்குப் பேத்திங்களாயிட்டாங்க. விடிஞ்சா எந்தப் புள்ள என்ன சாப்புட்டுச்சுன்னு விசாரணை."

பரிசோதனை முடிவு வரும்வரை நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. காயில் சுற்றினால் சுற்று தப்பியது. வீட்டில் இரண்டு பேரும் என்னைச் சுற்றி மெதுவாக நடந்தார்கள். முடிவு வந்தது. மேலாகத்தான் இருந்ததாம், உள்ளே இறங்கவில்லை. ஆனால் திரும்ப முளைக்கிற ஜாதி, அதனால் அவ்வப்போது வந்து குழாய் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பேச்சே வேறு என்று டாக்டர் சொன்னாராம்.

அதற்கு அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவே கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது அதிசயம், எப்போதும் அத்தையை விட்டுத்தான் போடச் சொல்வார். கொல்லையில் நின்றுகொண்டிருந்தார், தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது. கரும்பு எப்படி என்று கேட்டேன், சொன்னார். யாழினி எப்படி என்று கேட்டார், சொன்னேன். அன்றைக்கு நான் கத்தினதை இரண்டு பேருமே எடுக்கவில்லை. வைக்கப்போகிற நேரத்தில் தொண்டையைச் செருமினார்.

"பாப்பா, அந்தப் பெரிய காயில் கட்டணும்னியே."

"ஆமா மாமா."

"எனக்காவ அவசரப்பட்டு எதையும் கட்டிப்புடாத. ஒருத்தன் உள்ள படுக்கப் போறான்ல, சூடுன்ன, அனுமதின்ன, எல்லாத்தையும் நிதானமாப் பாத்து நல்லாச் செய்யி. நான் காத்துக்கிட்டு இல்ல."